மூன்றாவது எண்

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்கு அப்பால், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியை ஒட்டி இருக்கிறது ஏரியூர். சுற்றிலும் ராகியும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் காடுகள். சற்றுத் தள்ளி நாகமரைத் துறையில், அணை நிறைந்த காலத்தில், காவிரி கடலைப் போலப் பரந்து நிற்கும். எதிர்க்கரை பண்ணவாடி, அது சேலம் மாவட்டம். வாலிபப் பிள்ளைகள் பலர் பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். வீட்டையும் ஆட்டையும் காட்டையும் காத்துக்கொண்டு இருப்பவர்கள் வயதானவர்களே.

இப்படிப்பட்ட ஊரில், கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி திடீரென்று சாய்ந்து விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகம் வெளுத்துப் போகிறது. கை கால் இரண்டு முறை வெட்டி இழுக்கிறது. பதினைந்து இருபது விநாடிதான். பிறகு முகத்தில் குப்பென்று ரத்தம் ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல கண்ணு, கிறுகிறுன்னு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் களைக்கொட்டைத் தேடுகிறாள்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? வெயில் என்பார் ஒருவர். பித்தம் என்பார் மற்றொருவர். காலையில் ஆயா வெறும் வயிற்றோடு வந்தது என்று மருமகள் வருத்தப்படுவாள். இழுப்பைப் பார்த்தவர், காக்காய் வலிப்பு என்று ஒரே போடாகப் போட்டுக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். காற்று, கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டுவதும் உண்டு. இவ்வளவு பேரும் கூடி நின்று, ஒருவர்கூடப் பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணியிருந்தால், 34 என்றோ 36 என்றோ ஒரு கணக்கு கிடைத்திருக்கும். கட்ட வேண்டியது கயிறு அல்ல, பிடிக்க வேண்டியது பஸ் என்று அந்தக் கணக்கே சொல்லியிருக்கும்!

மணியகாரர் படுத்துவிட்டால்

இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் உத்தரவு வேண்டும். உத்தரவு மின்சாரமாக வருகிறது. அது பிறக்கும் இடம் வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சின்னஞ்சிறு திசுக்கட்டு. சைனஸ் கணு என்று டாக்டர்கள் சொல்வார்கள். 1907-ல் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். அகழெலியின் இருதயத்தைக் கீறிப் பார்த்தபோது பிளாக்கின் கண்ணில் முதலில் பட்டதாம். அதற்கு முந்தின ஆண்டுதான், ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள சந்திக் கணுவை விவரித்திருந்தார்.

முன்பெல்லாம் நம் கிராமங்களில் மணியகாரர், கணக்குப்பிள்ளை, தலையாரி என்று உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். 1980-ல் அந்தப் பரம்பரை உத்தியோகங்கள் போய்விட்டாலும் அந்த ஏற்பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இருதயத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். சைனஸ் கணு மணியகாரர்; நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை உத்தரவு போடுகிறார். நடுச் சந்தி கணக்குப்பிள்ளை. அவரிடம் விட்டால் 40 முதல் 60. கீழறையின் தசையோ தலையாரி. 20 முதல் 40-க்கு மேல் அவரால் ஆகாது.

மணியகாரர் சுறுசுறுப்பாக இருக்கும் வரை மற்ற இருவரும் வாய் திறப்பதில்லை. அவர்களுடைய முறை வருவதற்கு முன்பே மேலிருந்து உத்தரவு வந்துவிடுகிறது. மணியகாரர் படுத்துவிட்டாலோ, அவர் அனுப்பிய உத்தரவு வழியில் தடைப்பட்டாலோ, சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளை வேலையை ஏற்றுக்கொள்கிறார். அவரும் இல்லையென்றால் தலையாரி. இந்த மாற்று ஓட்டம் மட்டும் இல்லையானால், மேலே ஒரு தடங்கல் ஏற்பட்ட அந்த நிமிஷமே மனிதன் கதை முடிந்துவிடும்.

ஆனால் தலையாரி தலையாரிதான். மாடிப்படி ஏறினாலும் மண்வெட்டி பிடித்தாலும் அதற்குத் தக்கபடி வேகத்தைக் கூட்ட அவருக்குத் தெரியாது. மணியகாரர் விட்ட இடத்தில் உடனே எழுந்து வருவார் என்றும் சொல்ல முடியாது. சில சமயம் ஐந்தாறு விநாடி, பத்து விநாடி தாமதம். அந்தத் தாமதத்தில்தான் பாட்டி கடலைக்காட்டில் விழுந்தாள். நடு ராத்திரியில் அவர் அயர்ந்து தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் இல்லை.

காவலனா, கலகக்காரனா?

இங்கேதான் படித்தவர்களும் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. கீழறையிலிருந்து பிறக்கும் அடி, ஈ.சி.ஜி. படத்தில் அகலமாகவும் விகாரமாகவும் தெரியும். அபாயகரமான படபடப்பிலும் அடிகள் அப்படித்தான் தெரியும். உருவத்தைப் பார்த்து மிரண்டு, அதை அடக்கும் மருந்தை ஏற்றினால் என்ன ஆகும்? வீட்டைக் காத்துக்கொண்டிருந்த ஒரே காவலனைக் கட்டிப் போட்ட கதைதான். முழுத் தடை உள்ள நோயாளிக்கு லிடோகெய்ன் போன்ற மருந்தைக் கொடுத்துக் கீழறையின் ஓட்டத்தை நிறுத்துவது, இருதயத்தையே நிறுத்துவதாக முடியலாம்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு வரும் அடி கலகக்காரன். முறை கடந்து, வெகுநேரம் காத்திருந்து, வேறு யாரும் வராததால் வரும் அடி காவலன். மாரடைப்பில் அடைபட்ட குழாய் மருந்தால் திறந்து கொள்ளும்போது, கீழறை சில நிமிஷம் 50-க்கு மேல் நிதானமாகத் தானே ஓடுவதும் உண்டு. பெரும்பாலும் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். வைத்தியத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிவதும் ஒரு வித்தைதான்!

டப்ளின் நகரத்து ரெவின்யூ அதிகாரி

மூளைக் கோளாறு என்று எண்ணியது இருதயக் கோளாறாக இருக்கலாம் என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து டாக்டர்கள் இருவர். ராபர்ட் ஆடம்ஸ் 1827-ல் எழுதினார். வில்லியம் ஸ்டோக்ஸ் 1846-ல் எழுதினார். ஆடம்ஸ் விவரித்த நோயாளி 68 வயதானவர், நாடி மெதுவாக நடந்தவர், அடிக்கடி மயங்கி விழுந்தவர். அவரும் ஒரு ரெவின்யூ உத்தியோகஸ்தர் என்பது வேடிக்கையான பொருத்தம். இத்தகைய மயக்கத்துக்கு இன்றும் அந்த இரு டாக்டர்களின் பெயர்தான் வழங்குகிறது. அவர்களிடம் ஈ.சி.ஜி. கிடையாது, ஐந்தோவன் அந்த யந்திரத்தை உருவாக்கி நோபல் பரிசு பெற்றது 1924-ல். அவர்களிடம் இருந்தவை விரலும் கடிகாரமும். நாடியை நிமிஷக் கணக்கில் அளப்பதற்கென்றே ஆங்கிலேய டாக்டர் ஜான் பிளாயர் ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருந்தார்.

நாடி பார்த்து நோய் சொல்வது நம் நாட்டுக்கும் புதிதல்ல. வாதம், பித்தம், ஐயம் என்று மூன்று விரலால் பிரித்து அறிந்த பரம்பரை இது. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் வீட்டில் ஒருவர் விழுந்தால் மணிக்கட்டைத் தேடாமல் சாவிக்கொத்தைத் தேடுவது ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

எப்படி அறிவது?

கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு விரலை மெதுவாக வைத்தால் துடிப்பு தெரியும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது, ஓட்டம் சீராக இருப்பவர்களுக்குச் சரி. விட்டு விட்டு அடிப்பவர்களிடம் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

எண்ணிக்கை 60-க்குக் குறைந்துவிட்டாலே வியாதி என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்து உரம் ஏறிய உடம்பிலும், ஓட்டப் பந்தயக்காரர்களிடத்திலும், நல்ல தூக்கத்திலும் 50-ஐ ஒட்டி நடப்பது சகஜம். எண்ணோடு தொல்லையும் சேர்ந்து வந்தால்தான் விஷயம். கண் இருட்டுதல், முன்னறிவிப்பின்றி விழுதல், நான்கு அடி நடந்தால் இளைப்பு, காரணமில்லாத அசதி, புதிதாக வந்த மனக்குழப்பம் ஆகியவையே தொல்லைகள். வயது ஆகிவிட்டது என்று தள்ளிவிடுவதற்கு மிகவும் வசதியான தொல்லைகள்!

வலிப்புக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. வலிப்பு வந்து தெளிந்தவர் வெகுநேரம் குழம்பிப்போய் இருப்பார். நாக்கைக் கடித்திருக்கவும் கூடும். இருதயத்தால் விழுந்தவர் பெரும்பாலும் சட்டென்று தெளிந்துவிடுவார். வெளுத்த முகம் சிவக்கும். கழுத்து நரம்பு இடையிடையே வேகமாகத் துள்ளுவதையும் சிலரிடம் காணலாம். மேலறையும் கீழறையும் ஒன்றையொன்று கேளாமல் அடிக்கும்போது, மூடிய கதவின் மேல் ரத்தம் மோதுவதால் வரும் துள்ளல் அது. முடிவாகச் சொல்ல வேண்டியது ஈ.சி.ஜி. அதிலும் ஒரு சங்கடம்: விழாத நேரத்தில் எடுத்த படம் சுத்தமாக இருக்கக்கூடும். அப்போது 24 மணி நேரம் உடம்பிலேயே கட்டி வைத்து ஓட்டத்தைப் பதியும் சிறு யந்திரம் தேவைப்படும்.

விழுந்தவர் முழிக்கும் வரை அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் போதும். அழைத்தால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால், 108-க்குச் சொல்லிவிட்டு நடுமார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

மருந்துப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

இருதயம் மெதுவாவதற்குக் காரணம் எப்போதும் இருதயத்திலேயே இருக்கும் என்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் மஞ்சள் பை. ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் அடினலால், மெட்டோபிரலால், டில்டியாசம், இருதயத்துக்குத் தரப்படும் டிகாக்சின் ஆகியவை நல்ல மருந்துகள்தாம். ஆனால் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதியதை ஒருவரே சேர்த்து விழுங்கினால் மணியகாரர் மயங்கிப் போவார். கண்ணழுத்த நோய்க்கு விடும் டிமலால் சொட்டு மருந்துகூட ரத்தத்தில் கலந்து நாடியைத் தளர்த்துவதுண்டு. கண்ணில் விட்டது மாரைத் தொடும் என்று யார் நினைப்பார்கள்? அதற்காக மாத்திரையைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பையோடு டாக்டரிடம் போவதே சரி.

சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மாரடைப்பின்போதும் இந்த மந்தம் வரலாம். இருதயத்தின் அடிப்பக்கத்தைத் தாக்கும் மாரடைப்பில் வரும் தடை பெரும்பாலும் சில நாளில் விலகிவிடும். மஞ்சள் அரளிக் காயைத் தெரியாமல் கடித்த குழந்தையை, வாந்தி எடுத்துவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வயதானவர்களிடம் காரணம் வெகு சாதாரணம்: கம்பி பழையதாகிவிட்டது.

தொல்லை இல்லாதவருக்கு மருந்தே வேண்டாம், கண்காணிப்பு போதும். மயக்கமும் ரத்த அழுத்தக் குறைவும் இருந்தால் அட்ரோபின் ஊசி போடுவார்கள். 1 மில்லிகிராம், வேண்டுமானால் சில நிமிஷ இடைவெளியில் மீண்டும், மொத்தம் 3-க்கு மேல் இல்லை. அட்ரோபின் மணியகாரரையும் கணக்குப்பிள்ளையையும் தட்டி எழுப்பும். தலையாரியின் காதில் ஏறுவது அரிது. அதனால் தடை கீழே இருந்தால் அட்ரோபினை நம்பிக் காலம் கடத்தாமல், அட்ரினலின், டோபமின் சொட்டு மருந்துக்கும், மார்பின் மேல் பட்டை ஒட்டி மின்துடிப்பு கொடுப்பதற்கும், ரத்தக் குழாய் வழியே தற்காலிகக் கம்பி செலுத்துவதற்கும் போய்விடுவார்கள். நிரந்தரத் தடைக்கு நிரந்தரமான வழி, பேஸ்மேக்கர்.

கரண்டு போன ராத்திரி

மின்துடிப்பு யந்திரம் முதலில் சுவரில் செருகும் பெட்டியாக இருந்தது. 1957 அக்டோபர் 31-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் கரண்டு போயிற்று. அதை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்துபோனது. மனம் நொந்த சர்ஜன் வால்டன் லில்லிஹை, யந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஏர்ல் பாக்கன் என்பவரிடம் வழி கேட்டார். சில வாரத்தில், பாட்டரியில் ஓடும் கையடக்கப் பெட்டி வந்துவிட்டது. கரண்டு போவதைத் தலைவிதி என்று எண்ணிப் பழகிப் போனவர்கள் இந்தக் கதையைச் சற்று யோசிக்கலாம்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 8-ல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது எஞ்சினீயரின் உடம்புக்குள்ளேயே யந்திரத்தை வைத்துத் தைத்தார் சர்ஜன் ஓகே சென்னிங். செய்து கொடுத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். அச்சாக உபயோகமானது பூட்ஸ் பாலிஷ் டப்பா! தினமும் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்த லார்சனைக் காப்பாற்றும்படி இருவரையும் விடாமல் நச்சரித்தவர் அவருடைய மனைவி. முதல் யந்திரம் சில மணி நேரத்தில் நின்றுபோயிற்று. லார்சன் நிற்கவில்லை. மொத்தம் 26 யந்திரங்களைத் தேய்த்துவிட்டு, சர்ஜனும் எஞ்சினீயரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001-ல் 86-வது வயதில் வேறு நோயால் இறந்தார்.

ஏரியூருக்கு என்ன வேண்டும்?

ஆகவே சிகிச்சை இல்லாத வியாதி அல்ல இது. பணமும் முன்போல் பெருந்தடை அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்துவதற்கும் இடம் இருக்கிறது. தர்மபுரியில் 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. குறை எங்கே என்றால், கடலைக்காட்டுக்கும் ஈ.சி.ஜி. மேஜைக்கும் இடையில். பாட்டி விழுகிறாள், எழுந்துவிடுகிறாள். எழுந்தவளை யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள்?

பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியது மக்களைத் தேடி மருத்துவம். வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கையில் பட்டை சுற்றி அளக்கும் யந்திரம் மூன்று எண்களைக் காட்டுகிறது. முதல் இரண்டும் ரத்த அழுத்தம்; எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். மூன்றாவது எண் நாடி. அதை "எவ்வளவு?" என்று கேட்பவர் இல்லை.

அந்த மூன்றாவது எண்ணை ஒவ்வொரு தடவையும் நோயாளியின் அட்டையில் எழுத வேண்டும். 50-க்குக் கீழே இருந்து, தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால், அல்லது எந்தத் தொல்லையும் இல்லாமலே 40-க்குக் கீழே இருந்தால், விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணிச் சரிபார்த்து, அன்றைக்கே ஈ.சி.ஜி.க்கு அனுப்ப வேண்டும். விரலால் எண்ணுவது ஏனென்றால், ஓட்டம் தாறுமாறாக இருக்கும்போது யந்திரம் தவறாகக் காட்டுவதுண்டு. நாடியைக் குறைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு திட்டத்துக்கு, நாடியை எண்ணும் கடமையும் உண்டல்லவா?

இதனால் ஆரோக்கியமானவர்களெல்லாம் பயந்து ஆஸ்பத்திரி வாசலில் கூடுவார்கள் என்று ஆட்சேபிக்கலாம். சிலர் கூடத்தான் செய்வார்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷமும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். படத்தைப் படித்துச் சொல்லக் கிராமத்தில் நிபுணர் ஏது என்பது இன்னொரு ஆட்சேபம். மாரடைப்புக்காக அந்த வழி தமிழ்நாட்டிலேயே வெட்டியாகிவிட்டது. 2012 முதல் 2014 வரை நடந்த முயற்சியில், சிறு ஆஸ்பத்திரிகளில் எடுத்த படங்கள் தொலைவில் இருந்த நிபுணர்களுக்கு அனுப்பப்பட்டன. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-ல் வெளியாயிற்று; ஓராண்டுக்குள் நேர்ந்த மரணங்கள் 100-க்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தன. அடைபட்ட குழாய்க்காகப் போட்ட பாதையில் அறுந்த கம்பியும் போகலாம்.

பெட்டி வைத்த பிறகு

பேஸ்மேக்கர் வைத்தவர் காட்டு வேலை செய்யலாம், பஸ்ஸில் போகலாம், கைப்பேசியும் பேசலாம், மார்ச்சட்டைப் பையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல். வெல்டிங் வேலை செய்பவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டரி சாதாரணமாக எட்டுப் பத்து ஆண்டு உழைக்கும்.

சொல்லக் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. உடலைத் தகனம் செய்வதற்கு முன் அந்தப் பெட்டியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சிதையில் அது வெடிக்கும். எடுத்ததை எறிந்துவிடவும் தேவையில்லை. இறந்தவர்களிடமிருந்து எடுத்துச் சுத்திகரித்த யந்திரங்களைக் கனடாவிலிருந்து மெக்ஸிகோ முதலிய நாடுகளுக்கு அனுப்பி, 1,051 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். புது யந்திரம் வைத்தவர்களோடு ஒப்பிட்டதில், நோய்த்தொற்றிலும் யந்திரத்தால் நேரும் மரணத்திலும் சொல்லும்படியான வேற்றுமை இல்லை என்று 2020-ல் ஆய்வு வெளியாயிற்று. பாட்டனின் நெஞ்சில் பாதி தேய்ந்த பெட்டி இன்னொரு பாட்டியைக் கடலைக்காட்டில் விழாமல் நிறுத்தக்கூடும். அதற்கு இந்தியாவில் சட்டப்படியான, பத்திரமான ஓர் ஏற்பாட்டை அரசாங்கம் யோசிக்கலாம். அதுவரை, மூன்றாவது எண்ணை எழுதுவதற்கு ஒரு பென்சில் போதும்.